டீசல் ஏறாத வண்டியும் புத்தலப்பட்டுப் பயணமும்

கண்ணா,

இந்நேரம் நீயும் லாவண்யாவும் திருப்பதி ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்கேன் முடிந்து, பஸ் பிடித்து, நகரி வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும். நேரில் சொன்னால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். நான் வாயைத் திறந்ததும் என் குரல் நடுங்கும். நடுக்கத்தைக் கேட்டதும் உனக்குச் சிரிப்பு வரும். "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்பாய். அதோடு நான் சொல்ல வந்தது தொலைந்துபோய், நான் பயந்தவள் என்பது மட்டும் மிஞ்சும். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே என் குரல் உனக்குக் கேட்காது.

எனக்குப் பயமாக இருக்கிறது. எதைக் கண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் காலையில் நீ நம் பழைய பிக்கப்பில் லாவண்யாவை முன்னால் உட்காரவைத்து, பின்னால் அவளுடைய பெட்டி, கட்டில், சீர்ப்பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு, பிரசவத்துக்காக அவளைப் புத்தலப்பட்டில் அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போகப் போகிறாய். அவளை விட்டுவிட்டு, மாங்காய் சீசன் முடியும்வரை அங்கேயே தங்கி, தோப்புகளிலிருந்து சித்தூர் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு அடிக்கப் போகிறாய். அந்த வண்டியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே உயிரை விடுகிற வண்டி. சீமந்தத்தன்று உன் மாமனார் கார் அனுப்புவதாகத்தான் சொன்னார். நீதான் எல்லோர் முன்னாலும், "எங்கிட்ட வண்டி கீது மாமா, உங்க பொண்ண ராணி மாதிரி கூட்டிக்கினு வரேன்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வண்டிக்கு வந்திருக்கும் நோய் என்னவென்று யாருக்கும் பிடிபடாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. காலையில் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. லோடு ஏற்றி, மேடு ஏறி, கொஞ்ச தூரம் மிதித்து ஓட்டினால்தான் இழுவை குறைகிறது, இருமுகிறது, நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பக் கிளம்புகிறது. புத்தூர் மெக்கானிக் வந்து பார்க்கும்போது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. "நல்லாத்தான மேடம் கீது, எத ரிப்பேர் பண்ணச் சொல்றீங்க?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஃபில்டரை மாற்றினார். அடுத்த வாரமே நின்றது. உன் நைனா, பங்க்கில் போடுகிற டீசலே கலப்படம் என்று சொல்லி, பங்க்கை மாற்றிப் பார்த்தார். அப்போதும் நின்றது. நீயோ, நின்றால் பானெட்டைத் திறந்து கைப்பம்பை நாலு அடி அடித்து, டீசலை ஏற்றி, கிளப்பிக்கொண்டு போகப் பழகிவிட்டாய். என்னை முதலில் பயமுறுத்தியது இந்தப் பழக்கம்தான்.

ரயில்வே கேட்டில் நடந்ததை நீ ஒரு வேடிக்கைக் கதையாக எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய், லாவண்யாவைத் தவிர. அதே கதையை என் பக்கத்திலிருந்தும் ஒருமுறை கேட்டுக்கொள். அன்றைக்குப் பின்னால் துணி மூட்டைகள் நிறைய இருந்தன. பேங்க் வேலைக்காக நானும் உன்னோடு வந்தேன். கேட்டுக்கு ஏறுகிற சின்ன மேட்டிலேயே வண்டி இரும ஆரம்பித்தது. நீ ஆக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தாய். முன்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டியது, பின்சக்கரம் தாண்டவில்லை. அங்கேயே நின்றுவிட்டது. இறங்கி ஓட வேண்டும் என்று என் மூளைக்குத் தெரிகிறது. காலுக்குத் தெரியவில்லை. கதவின் பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துபோயிற்று. நீ கீழே குதித்து பானெட்டைத் தூக்கினாய். உன் முகம் மறைந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தகரம் மட்டும்தான் தெரிந்தது.

கேட் கீப்பர் பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி, எடுப்பா! தொந்தரகா எடு, சீக்கிரம்! கேட்டு மூடணும்!"

"ஸ்டார்ட் ஆவல சார்!"

"தண்டவாளத்து மேல நிறுத்திக்கினு ஆவலன்றியே! பெட்ரோல் ஊத்தலையா?"

"டீசல் வண்டி சார்."

"சரி, டீசல் ஊத்தலையா?"

அந்த நேரத்தில் நீ சிரித்தாய். பானெட்டுக்குப் பின்னாலிருந்து உன் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. "இளிக்காத! பம்ப்பு அடிச்சது போதும், உள்ள ஏறு. ஃபர்ஸ்ட் கியர் போடு. கிளட்ச்சுல கால் வெக்காத. சாவியத் திருப்பிப் புடிச்சிக்கினே இரு. பேட்டரியே இழுக்கும்!" என்று கத்தினார். நீ அப்படியே செய்தாய். இன்ஜின் உயிரில்லாமலே வண்டி குதித்துக் குதித்து, நொண்டி மாடு போலத் தண்டவாளத்தைவிட்டு இறங்கியது. அந்த மனிதருக்கு நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போய் நிறுத்தியதும் நீ என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "லாவண்யாகிட்ட சொல்லாதம்மா." வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருந்தேன்.

கேட் மூடினால்தான் சிக்னல் விழும், சிக்னல் விழாமல் ரயில் வந்திருக்காது என்று நீ பிறகு விளக்கினாய். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைக்கு நீ போகிற சாலையில் உனக்குப் பின்னால் வருகிற லாரிக்கு எந்தச் சிக்னலும் கிடையாது. திருப்பதி தாண்டி, புத்தலப்பட்டுவரைக்கும் அந்தப் பெரிய சாலையில் லாரிகள் எப்படிப் போகின்றன என்று எனக்குத் தெரியும். மேட்டில் உன் வண்டி திடீரென்று நின்றால் அவன் எந்தப் பக்கம் ஒடிப்பான்? இறக்கத்தில் நின்றால் அதைவிட மோசம். இன்ஜின் நின்றால் இரண்டு மிதிக்குள் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங் கனத்துவிடும் என்று மெக்கானிக்தான் சொன்னார். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு ஒரே காட்சிதான். வண்டி நிற்கிறது, நீ பானெட்டுக்குப் பின்னால் நிற்கிறாய், லாவண்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவின் பிடியைத் தேடுகிறாள்.

பயத்தோடு சும்மா இருக்க முடியவில்லை. நம் தறிக்கொட்டகையில் ஓர் இழை அறுந்து தறி நின்றால், எங்கே அறுந்தது என்று தேடி முடிச்சுப் போடாமல் யாரும் பட்டனை அழுத்துவதில்லை. அப்படி அழுத்தினால் உன் நைனா வீட்டையே இரண்டாக்கிவிடுவார். அதே மனிதர், அதே நீ, வண்டி நின்றால் மட்டும் திரும்பக் கிளம்பினால் போதும் என்று இருக்கிறீர்கள். சரி, இழை எங்கே அறுகிறது என்று நான் பார்க்கிறேன் என்று நினைத்தேன். டீசல் போகிற வழி ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. டேங்கிலிருந்து பைப், பைப்பிலிருந்து பம்ப், பம்பிலிருந்து ஃபில்டர், அங்கிருந்து இன்ஜின். இதில் எங்கோ ஓர் இடத்தில் டீசல் போதாமல் போகிறது. என்னை உறுத்தியது ஒரே விஷயம். கொஞ்ச நேரம் நின்றால் இந்த நோய் தானாகச் சரியாகிறது. அடைத்துக்கொண்ட ஃபில்டர் டீ குடிக்கிற நேரத்தில் தானாகச் சுத்தமாகுமா? தேய்ந்துபோன பம்ப் ஓய்வெடுத்து எழுந்திருக்குமா? அப்படியானால் கெட்டுப்போனது ஒரு பாகம் அல்ல, வந்து வந்து போகிற ஏதோ ஒன்று.

டேங்க் மூடி தொலைந்ததிலிருந்து அந்த வாயில் துணியைத் திணித்து, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கியிருந்தீர்கள் அல்லவா? காற்று உள்ளே போகாவிட்டால் டீசலை எப்படி இழுக்க முடியும்? பாட்டிலில் வாயை வைத்து உறிஞ்சினால் பாட்டில் ஒடுங்குவதுபோலத்தான். இதுதான் காரணம் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். நீ கார்வேட்டிநகரத்துக்கு லோடு எடுத்துப் போன அன்று கவரைக் கழற்றிவிட்டுத்தான் உன்னை அனுப்பினேன். மத்தியானம் போன் செய்து, "உன் கண்டுபிடிப்பு ஃபெயிலும்மா, மேட்டுல நின்னுடுச்சு" என்றாய். பிறகு மெக்கானிக் ஒரு நல்ல காரியம் செய்தார். டேங்கை விட்டுவிட்டு, சீட்டுக்குப் பின்னால் ஒரு டீசல் கேனைக் கட்டி, அதிலிருந்து நேராகப் பம்புக்குப் பைப் போட்டு, லோடோடு மேடு ஏற்றிப் பார்த்தார். வண்டி நிற்கவே இல்லை. ஆக, பம்ப், ஃபில்டர், இன்ஜின் எல்லாம் நல்லவை. குற்றம் டேங்கிலோ அங்கிருந்து வருகிற பைப்பிலோ இருக்கிறது. "டேங்க்கையும் எறக்கிப் பாத்துடலாம் தம்பி, அரை நாள் வேலதான்" என்றார். சீமந்தம் நெருங்குகிறது, நேரமில்லை, பைப்பை மட்டும் மாற்றுங்கள் என்று நீ சொல்லிவிட்டாய். அன்றையிலிருந்து வண்டி நல்லாகிவிட்டது என்கிறாய். அன்றையிலிருந்து அந்த வண்டியில் ஏறிய லோடு வாழை மரமும் நாற்காலிகளும்தான். ஒரு மேடும் ஏறவில்லை.

நேற்றுச் சாயங்காலம் உன் நைனா ஜெனரேட்டருக்கு வைத்திருந்த கேனிலிருந்து டேங்கை நிரப்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றேன். புனலின்மேல் ஒரு துணியை விரித்து வடிகட்டி ஊற்றினார். எப்போதும் செய்வதுதான். இந்த வீட்டில் பால் வடிகட்டுவதற்கும், கை துடைப்பதற்கும், ஜன்னல் ஓட்டை அடைப்பதற்கும் தறியில் மிஞ்சுகிற துணிதான். வெளியிலிருந்து ஒரு முழத் துணி நாம் வாங்கியதில்லை. அதிலும் டீசலுக்கு நம் துணி என்றால் அவருக்குத் தனிப் பெருமை. பங்க்கில் இருக்கிற அழுக்கெல்லாம் இதில் நின்றுவிடுமாம். ஊற்றி முடித்து, டேங்க் வாயில் திணிக்க அந்தப் பழைய துணியைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்தேன். மேல்பாதி துணியாக இருந்தது. டீசலில் ஊறிக் கிடந்த கீழ்ப்பாதி நைந்து, நூல் நூலாகப் பிரிந்து, முக்கால்வாசி காணவில்லை. காணாமல் போனது எங்கே போயிருக்கும்?

பஞ்சு எப்படிப்பட்டது என்று இந்த வீட்டில் இத்தனை வருஷம் கூட்டிப் பெருக்கியவளுக்குத் தெரியாதா? அது மிதக்கும். இழுக்கிற பக்கம் போகும். கூடுமிடத்தில் கூடி ஒரு திரையாகப் படியும். டேங்குக்குள் பைப்பின் நுனியில் ஒரு சின்னச் சல்லடை இருக்கிறது. வண்டி சும்மா ஓடும்போது பம்ப் மெதுவாக இழுக்கும், பஞ்சு அசையாது. லோடோடு மிதித்தால் வேகமாக இழுக்கும், பஞ்சு போய்ச் சல்லடையை மூடிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு விட்டுப்போகும், பஞ்சு விலகி மறுபடி மிதக்கும். டீ குடிக்கிற நேரம்! ராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். உனக்கு நினைவிருக்கும்.

"டிகிரி பேசுது" என்று என் படிப்பைக் கிண்டல் செய்தாய் நீ.

"நம்ம துணி நூல் வுடுமா? இன்னா பேச்சு பேசற?" என்றார் உன் நைனா. டேங்கைப் பற்றி அவர் கவலைப்படவில்லை, துணியைக் குறை சொன்னதில்தான் அவருக்கு ரோஷம்.

"உனக்கு பயப்பட ஒரு காரணம் வேணும்மா. வண்டி இல்லன்னா மாங்காமரம் விழுந்துடும்னுவ. பேசாம துன்னு."

பேசாமல் சாப்பிட்டேன். காலையில் நீங்கள் கிளம்பும்போது நீ செருப்பைத் தேடி உள்ளே போனாய் அல்லவா, அப்போது லாவண்யா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அத்தம்மா, பண்டி நெஜமாவே நல்லா இருக்குதா?" பண்டி என்றாலே எனக்கு அவள் ஊர் ஞாபகம் வரும், அந்த வார்த்தையை மட்டும் அவள் தமிழாக்கிக்கொள்ளவே இல்லை. நான், "நல்லாத்தாம்மா இருக்குது" என்றேன். உன் வார்த்தையைக் காப்பாற்றச் சொன்ன பொய் அது. அவள் நம்பிவிட்டாள். நிம்மதியாகச் சிரித்து, பையை எடுத்துக்கொண்டு உன் பின்னால் நடந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என்னால் வீட்டுக்குள் போய் உட்கார முடியவில்லை.

நீங்கள் தெருமுனை திரும்பியதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். ஆமாம், நான்தான். டேங்குக்கு அடியில் ஒரு போல்ட் இருக்கிறது, அதைக் கழற்றினால் டீசல் இறங்கிவிடும் என்று மெக்கானிக் பேசும்போது கேட்டிருக்கிறேன். காலி ட்ரம்மை இழுத்து வைத்துக் கழற்றினேன். முழங்கைவரை நனைத்துக்கொண்டு டீசல் கொட்டியது. தப்பு செய்துவிட்டோமோ என்று நினைத்தேன். உன் நைனா தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாமே பண்ணிக்கினு கீற? ஃபுல் டேங்க்குமே! அவன் வந்தா ஆடிடுவான்!"

"ஆடட்டும்."

"யார் சொல்லி கழட்டன?"

அவருக்குப் பதில் சொல்வதற்குள் சத்தம் மாறியது. கொட்டிக்கொண்டிருந்த டீசல் மெலிந்தது. கயிறு போல ஆனது, நூல் போல ஆனது, சொட்டியது. நின்றுவிட்டது. இரண்டு பேரும் ட்ரம்மையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஃபுல் டேங்க்கில் கால்வாசிகூட அதில் இறங்கவில்லை. உன் நைனா குனிந்து டேங்கை விரலால் தட்டினார். நிறைந்த குடம் மாதிரி மொத்தென்று சத்தம் வந்தது. கொட்டகைக்குப் போய் ஒரு கம்பியை வளைத்துக் கொண்டுவந்து, படுத்தபடியே அந்த ஓட்டைக்குள் விட்டுச் சுழற்றி இழுத்தார். ஒரு பந்து வந்தது. அதன் பின்னாலேயே டீசல் பீறிட்டு அவர் சட்டையை நனைத்தது. அவர் நகரவில்லை. அந்தப் பந்தைப் பிழிந்து, உள்ளங்கையில் வைத்து, விரலால் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊதா, அரக்கு, கொஞ்சம் கிளிப்பச்சை. வெளியாள் கண்ணுக்கு அது அழுக்கு. அவருக்கு ஒவ்வொரு நிறமும் எந்தத் தறியின் பாவில் ஓடியது என்று தெரியும்.

"நம்மளுதுதாம்மே" என்றார். அவ்வளவுதான்.

பிறகு அவரே டேங்கைத் தாங்கும் பட்டையைக் கழற்றி டேங்கை இறக்கினார். உள்ளே இருக்கும் சல்லடையில் பஞ்சு கம்பளி மாதிரிப் படிந்திருக்கிறது. அதை நாங்கள் தொடவில்லை. நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும். முற்றத்தில் சாக்கு விரித்து டேங்கை அதன்மேல் வைத்திருக்கிறோம். பக்கத்தில் போகும்போது லாவண்யாவைத் தள்ளி நிற்கச் சொல், அந்த வாடை அவளுக்கு ஆகாது. மெக்கானிக்குக்குச் சொல்லியாயிற்று, நாளைக்கு மத்தியானம் வருகிறார். டேங்கைக் கழுவி, சல்லடையை மாற்றி, நிஜமான மூடி ஒன்று வாங்கிப் போட்டு, லோடு ஏற்றி, மேட்டில் விட்டுப் பார்த்த பிறகு நீ எங்கே வேண்டுமானாலும் போ. இனி அந்த வண்டி எங்கே நின்றாலும், கைப்பம்பைத் தொடுவதற்கு முன்னால் ஏன் நின்றது என்று கேள். பக்கத்தில் இருப்பவள் பயமாக இருக்கிறது என்றால், சிரிப்பதற்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டு. புத்தி சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் செய்துவிட்டேன். உன் மாமனாருக்குப் போன் செய்து, நாளைக்குக் காலையில் காரை அனுப்பச் சொல்லிவிட்டேன். சபையில் நீ சொன்ன வார்த்தையை நான் உடைத்தேன் என்று உனக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். அவர் ஏன் என்று கேட்டார். வண்டியில் கோளாறு என்று உள்ளதைச் சொன்னேன். லாவண்யாவிடம் நான் சொன்னது பொய் என்பதை அவளுக்கு இன்றைக்கே சொல்லிவிடப் போகிறேன். ரயில்வே கேட்டைப் பற்றி நீயே சொல்லிவிடு. நாலு பேர் சிரிக்கக் கேட்ட கதை, அவள் மட்டும் கேட்கக்கூடாதா?

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஒரு பந்து பஞ்சுதான் வெளியே வந்திருக்கிறது. நீ போகிற சாலை அப்படியேதான் இருக்கிறது, லாரிகளும் அப்படியேதான் வரும். நீ மாங்காய் லோடு அடிக்கிற ஒவ்வொரு நாளும் போன் மணி அடித்தால் என் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் ஓடும். அதற்கு நீ ஒன்றும் செய்ய முடியாது, அது என் பாடு. ஆனால் நாளைக்குக் காலையில் மட்டும் நான் பயப்பட மாட்டேன். டேங்க் இல்லாத வண்டியை உன்னாலும் ஓட்ட முடியாது.

வந்ததும் கத்துவாய். கத்து, கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சல்லடையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து கத்து.

அம்மா